விதி எண் 55

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற பைத்தியம் எனக்கு உண்டு. சிரிக்காதீர்கள். 2001-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ட்ரெயின் சிமுலேட்டரில் தொற்றிக்கொண்ட வியாதி. அந்தப் பாதைகளை இப்போது ‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்கிற இலவச மென்பொருளிலும் ஓட்டலாம். எனக்குப் பிடித்தது வட இங்கிலாந்தின் செட்டில் - கார்லைல் பாதை. மலை, பாலம், சுரங்கம், மழை. ஸ்டேஷனில் டீ கிடைக்காது என்பது ஒன்றுதான் குறை.

ரயில் ஓட்டுவதுகூட சுலபம். நாமே டைம்டேபிள் போட்டு மற்ற ரயில்களைக் கம்ப்யூட்டரை விட்டு ஓட்டச் சொல்வது இருக்கிறதே, அதுதான் தலைவலி. சொன்னதை மட்டும்தான் செய்யும். நீளமான கூட்ஸைக் குட்டையான லூப் லைனில் ஒதுங்கச் சொல்லியிருப்போம். வால் மெயின் லைனில் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறதெல்லாம் வரிசையாக நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்ஸ்டேல் ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஓட்டிவந்த எக்ஸ்பிரஸ் அப்படித்தான் நின்றது. சிக்னல் விழவே இல்லை. அரை மணி நேரம் பார்த்தேன். கம்ப்யூட்டரைத் திட்டினேன். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வரைபடத்தைத் திறந்து, அந்த சிக்னல் மேல் மவுஸை வைத்து, நாமே பச்சையாக்கிவிடலாம். கையை வைக்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த அக்கா பையன் தடுத்தான்.

“பச்சை போடறது இருக்கட்டும் மாமா. முன்னாடி என்ன நிக்குதுன்னு பாருங்க.”

பார்த்தேன். ஆறு சரக்குப் பெட்டிகள். என்ஜின் இல்லாமல், நடு லைனில், அநாதையாக. இரண்டு வாரம் முன்னால் அழகுக்காக ஒரு கூட்ஸ் ஷெட் பக்கம் வைக்கப் போய், லைன் மாறி வைத்து, சுத்தமாக மறந்துபோனவன் நானேதான்.

பி.காம். படித்தபோது ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போவோம். சிக்னலை நாமே பச்சையாக்குவதும் அந்த ரகம்தான்.

நான் மறந்த இடம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கார்ஸ்டேலின் பழைய பெயர் ஹாஸ் ஜங்ஷன். 1910, டிசம்பர் 24. விடியாத காலை, மழை, கிறிஸ்துமஸ் கூட்டம். ரயில்களை மேடேற்றிவிட்டுத் திரும்புகிற துணை என்ஜின்கள் ஏகப்பட்டது அங்கே சேர்ந்துவிட்டன. ஆல்ஃப்ரெட் சட்டன் என்கிற சிக்னல்காரர் ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார். கார்லைல் போகவேண்டிய இரண்டு என்ஜின்களைச் சேர்த்து மெயின் லைனில், சிக்னலுக்கு முன்னால் நிறுத்தினார். வேறு வேலைகள் வந்தன. மறந்துபோனார். பின்னாலேயே லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகும் எக்ஸ்பிரஸ் வந்தது. அதற்கு சிக்னல் கொடுத்தார். காத்திருந்த என்ஜின்காரர்கள், ‘அப்பாடா, நமக்குத்தான்’ என்று கிளம்பினார்கள். இரண்டு மடங்குக்கும் மேல் வேகத்தில் எக்ஸ்பிரஸ் பின்னாலிருந்து மோதியது. மரப் பெட்டிகள், கேஸ் விளக்குகள். தீ. 12 பேர் இறந்தார்கள். எக்ஸ்பிரஸைத் தொலைத்தது தான்தான் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சட்டனே சொல்லி அனுப்பினார்.

விசாரணையில் பழி அவரோடு நிற்கவில்லை. விதி எண் 55 என்று ஒன்று இருந்தது. சிக்னலில் நிறுத்திவைக்கப்பட்டால், விசில் கொடு. அப்படியும் விழவில்லையா, ஓர் ஆள் இறங்கி நடந்து போய், ‘ஐயா, நாங்க இங்கதான் நிக்கறோம்’ என்று கேபினில் சொல்லவேண்டும். என்ஜின்காரர்கள் போகவில்லை. மறந்தவர் மேல் மட்டுமல்ல, மறக்கப்பட்டவர்கள் மேலும் குற்றம்!

முதலில் எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. வாய் இருக்கிறது, கால் இருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அழுத பிள்ளைக்குத்தானே பால்?

அடுத்த கதையைப் படித்ததும் அந்த நியாயம் ஆட்டம் கண்டுவிட்டது. அதே கார்லைலுக்குக் கொஞ்சம் வடக்கே, க்வின்டின்ஷில் என்ற இடம். 1915, மே 22. ஒரு லோக்கல் ரயிலை எதிர் லைனில் ஒதுக்கி, கேபினுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். இந்த முறை ஃபயர்மேன் விதிப்படி இறங்கிப் போனார். கேபின் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். போட்ட சில நிமிடத்தில், சிக்னல்காரர் அதே லைனில் ராணுவ வீரர்கள் வந்த ரயிலுக்கு வழி கொடுத்தார். அதில் கொடுமை என்னவென்றால், அவர் அன்று டியூட்டிக்கு வந்து இறங்கியதே அந்த லோக்கல் ரயிலில்தான். மோதிக் கிடந்ததன் மேல் இன்னொரு எக்ஸ்பிரஸும் வந்து மோதியது. 200 பேருக்கு மேல் செத்தார்கள். பிரிட்டனின் மிக மோசமான ரயில் விபத்து. இரண்டு சிக்னல்காரர்கள் சிறைக்குப் போனார்கள். ஃபயர்மேனையும் கூண்டில் ஏற்றித்தான் விடுதலை செய்தார்கள். கையெழுத்துப் போட்டதோடு வந்துவிட்டாராம். லைன் அடைபட்டிருப்பதை நினைவூட்ட நெம்புகோலில் ஒரு வளையம் மாட்டவேண்டும். அதை மாட்டினார்களா என்று பார்க்கவில்லையாம்.

எவ்வளவு தூரம்தான் நினைவூட்டுவான் ஒரு மனுஷன்?

ஹாஸ் ஜங்ஷன் விசாரணை சொன்ன இன்னொரு யோசனைதான் எனக்குப் பிடித்தது. ட்ராக் சர்க்யூட். தண்டவாளத்தில் லேசாக மின்சாரம் ஓடும். வண்டி வந்து நின்றால், சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். கடைசியில் இருக்கிற ரிலேவுக்கு மின்சாரம் போகாது. சிக்னல் சிவப்பாகவே நிற்கும். ஒயர் அறுந்தாலும் சிவப்புதான். நிற்கிறவன் யாரையும் போய்க் கெஞ்சவேண்டாம். நிற்பதே போதும். என் கம்ப்யூட்டருக்குள்ளும் இதே ஏற்பாடுதான். நான் மறந்த ஆறு பெட்டிகளை அது மறக்கவில்லை.

பெட்டிகளை எடுத்தோம். சிக்னல் விழுந்தது. எக்ஸ்பிரஸ் போயிற்று. பையனும் போய்விட்டான்.

எனக்கு மட்டும் ஒரு பெரியவர் ஞாபகம் வந்தது. பல வருஷம் முன்பு, அப்போது நான் வேலை பார்த்த பத்திரிகை ஆபீஸுக்கு மஞ்சள் பையோடு வந்தார். மனைவியின் பென்ஷன் விஷயம் என்று ரிசப்ஷனில் சொன்னார்களாம். “அஞ்சு நிமிஷம் உக்காரச் சொல்லுங்க” என்று இன்டர்காமில் சொன்னேன். அதற்குள் ஒரு பிரஸ் மீட் அழைப்பு. பின்பக்க மாடிப்படி வழியாக ஓடினேன்.

மறுநாள் செக்யூரிட்டி சொன்னார், “பாவம் சார், சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாரு.”

“எனக்கு ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருக்கலாமே?” என்றேன். ஆமாம், நானேதான் கேட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. விசிட்டர்ஸ் நோட்டைத் திருப்பிக் காட்டினார். நடுங்கின கையெழுத்து. பார்க்க வந்தவர் என்ற இடத்தில் என் பெயர், இனிஷியல்கூடத் தப்பில்லாமல். முகவரி என்ற இடத்தில் ஊர்ப் பெயர் மட்டும். வந்த நேரம் 11.10. போன நேரம் 5.40.