பழங்கண்ணாடியும் பற்றும்

பற்றறுத்தல் என்பது யாது என்னும் வினா சித்தாந்த நூல் பயில்வார்க்குப் புதியதன்று. அதற்குரிய விடையையும் பாடங் கேட்ட காலத்திலேயே மனனஞ் செய்துவிடுகின்றோம். அங்ஙனம் மனனஞ் செய்த விடை ஒருநாள் எமக்கு வாயில் வாராது நின்றது. அதுவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

எம்பால் முன்னர்த் தமிழ் பயின்ற அன்பரொருவர் தஞ்சையிற் புதுமனை கட்டி எம்மை அழைத்திருந்தார். பூதலூரிலிருந்து புகைவண்டியில் அரைமணிப் பொழுதே ஆதலின் ஒரு மாலையிற் சென்றோம். கூடத்திற் கால் வைத்தவுடன் திகைத்து நின்றோம். ஒரு சுவர் முழுதும் கண்ணாடிகள். எண்ணிப் பார்த்தோம், 14 இருந்தன. நீள்சதுரமானவை சில, முட்டை வடிவின சில, மேலே வளைவு வைத்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று. தேக்குச் சட்டத்திற் கொடியும் பூவும் செதுக்கியவை மிகப் பல. ஒன்றேனும் புதியதன்று. பலவற்றில் ஓரங்கள் கறுத்திருந்தன. சிலவற்றில் நடுவே மேகம் படர்ந்தாற்போற் சாம்பல் நிறம் பூத்திருந்தது.

"தம்பி, முகம் பார்க்க ஒரு கண்ணாடி போதாதோ?" என்றோம். உபதேசத்துக்கு அடியெடுத்துக் கொண்டோம் என்பதே உண்மை.

அவர் சிரித்து, "ஐயா, முகம் பார்ப்பதற்கென்று குளியலறையில் ஒன்று வைத்திருக்கிறேன். இவற்றில் முகம் சரியாகத் தெரியாது. அதனாலேயே இவற்றை வாங்கினேன்" என்றார்.

இவ்விடையை யாம் எதிர்பார்க்கவில்லை. முகங் காட்டுதலே கண்ணாடிக்குத் தொழில். அத்தொழில் குன்றியபின் அதன் விலை ஏறுமாயின், விலை கொடுப்பவர் வாங்குவது யாது? இதனை ஆராய்வதற்குமுன் அப்பொருளின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

நம் முன்னோர் ஆடி என்றும், படிமக்கலம் என்றும், முகுரம், தருப்பணம் என்றும் வழங்கியது பெரும்பாலும் உலோகத்தைத் தேய்த்து மெருகிட்ட பொருளையே. கேரளத்து ஆரன்முளையில் இன்றும் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, தேய்த்து, அத்தகைய ஆடி செய்கின்றனர். பளிங்குபோன்ற கண்ணாடிப் பலகையின் பின்புறத்தில் உலோகம் பூசும் முறை மேலைநாட்டிற் பெருகியது. வெனிசு நகரத்தார் அதனை நெடுங்காலம் மறைபொருளாகக் காத்தனர். பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயி வெர்சேல் அரண்மனையில் 357 ஆடிகள் பதித்த மண்டபத்தை 1684-இல் முடித்தான். அக்காலத்தில் வெள்ளீயத் தகட்டை மேசைமேற் பரப்பி, பாதரசத்தை ஊற்றி, அதன்மேற் கண்ணாடிப் பலகையைச் சறுக்கி வைத்துப் பாரம் ஏற்றுவர். மிகுந்த ரசம் வடியும்வரை பன்னாள் சாய்த்து வைப்பர். ரசத்தின் ஆவியை முகர்ந்த தொழிலாளர் கைந்நடுக்கமுற்றுப் பல்லிழந்து மெலிந்தனர். செல்வர் தம் முகம் காண, ஏழையர் தம் முகம் கெட்டனர் என்க. 1835-இல் செருமானிய நாட்டு லீபிக் என்னும் வேதிநூற் புலவர் வெள்ளியைப் பூசும் வழி கண்டார். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பாதரச முறை பெரும்பாலும் ஒழிந்தது. முறை ஒழிந்தும் சொல் ஒழியவில்லை. வெள்ளி பூசிய ஆடி கறுத்தாலும் நம் மகளிர் "ரசம் போன கண்ணாடி" என்றே கூறுவர்.

ரசம் போவது ஈரத்தினால். நம் காவிரி நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையிற் சுவர் ஊறும். அவ்வீரம் சட்டத்தின் பின்பலகை வழியே புகும். காற்றிலுள்ள கந்தக ஆவியும் வெள்ளியைக் கறுப்பிக்கும். மீண்டும் பூசலாமெனினும், பூசினாற் பழமை கெட்டு விலை குறையும் என்று திரட்டுவோர் அஞ்சுகின்றனர். ஆதலின் குறையைக் குறையாகவே காப்பது அவர் வழக்கம்.

இவை எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளிலிருந்து என்றார் அன்பர். நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் வாணிகஞ் செய்து ஈட்டிய பொருளால் எழுப்பிய வளவுகளில் பர்மாத் தேக்கும் இத்தாலிய சலவைக்கல்லும் பெல்சிய நாட்டு ஆடியும் இடம்பெற்றன. 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அவ்வாணிகம் நிலைகுலைந்தது. பங்காளிகள் பலராகப் பெருகிய வீடுகளைப் பேணுதற்கியலாமல், கதவும் தூணும் நிலையும் ஆடியும் தனித்தனியே விலைக்குப் போயின. தஞ்சைப் பகுதியின் பண்ணை வீடுகளுக்கு வேறு காரணம். நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என வரையறுத்தது. 1970-இல் அது 15 ஆயிற்று. உழுதவர்க்கு அது நன்மையே. அதனை யாம் குறைகூற வரவில்லை. நிலம் குறைந்த வீட்டிற் கூடத்துக் கண்ணாடியும் நிற்பதில்லை என்பதே யாம் கூறவந்தது. (வணிகர் வாயிற் பழங்கண்ணாடி அனைத்தும் பெல்சியக் கண்ணாடியே. சட்டம் பழையதாய், ஆடி போன ஆண்டு மாற்றப்பட்டதாய் இருப்பனவும் உள. வாங்குவோர் பின்பலகையைக் கழற்றிப் பார்த்து வாங்குக.)

"நான் வாங்காவிட்டால் சட்டம் அடுப்புக்கும் ஆடி குப்பைக்கும் போகும், ஐயா" என்றார் அன்பர். அது மெய்யே. ஆயினும் யாம் விடவில்லை.

கண்ணாடி நம் சமயத்திற்கு அயலானதன்று. எட்டு மங்கலங்களுள் அஃது ஒன்று. பதினாறு உபசாரங்களிற் கண்ணாடி காட்டுதலும் அடங்கும். நேரே நீராட்டலாகாத திருவுருவங்களுக்கு ஆடியிற் தோன்றும் நிழலுக்கு நீராட்டும் முறையும் உண்டு. நாராயண குரு 1927-இல் களவங்கோட்டில் திருவுருவுக்கு ஈடாகக் கண்ணாடியையே நிறுவினார். இவற்றிலெல்லாம் ஆடி ஒன்றேயாக நிற்கும். பதினான்காக நிற்பது எதன்பொருட்டு?

எம் வாதம் இதுவாயிற்று: 'யான்' என்பதை எதிரே நிறுத்திக் காட்டுவது கண்ணாடி, 'எனது' என்பதைப் பெருக்குவது பொருள் திரட்டுதல். யான் எனது என்னும் இரு செருக்கும் ஒரு சுவரிற் கூடிவிட்டன. மேலும், பழமை வாங்கத் தக்கதோ? பிறர் வீட்டு மூதாதையரின் மதிப்பை விலை கொடுத்து நம் கூடத்திற் றொங்கவிடுதல் தகுமோ? ஆடி தன்னில் தோன்றிய முகம் ஒன்றனையேனும் வைத்துக்கொள்வதன்று. நூறாண்டு எதிரே நின்றாரையெல்லாம் அது மறந்துவிட்டது. ஆகவே அன்பர் விரும்பும் பழமை ஆடியில் இல்லை. அவர் கருத்திலேயே உளது.

இங்கே ஒன்று கூறல் வேண்டும். உயிரை ஆடியென்றும், அதில் தோன்றும் நிழலைப் பரம்பொருளின் பிம்பமென்றும் கூறுவார் உளர். சித்தாந்தம் அதனை ஒவ்வாது. நிழல் அறிவதில்லை; நிழலுக்குத் துன்பமில்லை. உயிரோ அறிந்து துன்புறுகின்றது. நம்மாசிரியர் உயிர்க்குக் கூறும் உவமை படிகம். சார்ந்ததன் வண்ணத்தைத் தானும் கொள்வது படிகம். எதிர்ப்பட்டதைத் திருப்பிவிடுவது ஆடி. இரண்டும் வேறு. ரசம் போன இடத்தில் முகம் மறைந்து பின்னுள்ள சுவர் தெரிவதை, மலம் நீங்கிய நிலைக்கு உவமையாக ஒருவர் மேடையிற் கூறக் கேட்டோம். உவமை ஒருபுடையே ஒக்கும் என்பதை அவர் மறந்தார். சுவர் தெரிதல் வீடுபேறு ஆகாது.

இவ்வாறு யாம் சொல்லிக்கொண்டே வர, அன்பர் ஆளுயரக் கண்ணாடியருகே சென்று, "ஐயா, இதை என்ன செய்வதென்று உங்களைக் கேட்க நினைத்திருந்தேன்" என்றார். சட்டத்தின் வலப்பக்கம், நிற்கும் பெண்ணின் கையெட்டும் உயரத்தில், அரக்கு நிறத்து ஒட்டுப்பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதனைச் சுற்றிப் பிசின் காய்ந்த வட்டங்கள் ஏழெட்டு. மெருகிட்ட தச்சர் எவ்வாறோ அதனைக் காணாது விட்டிருக்கின்றார்.

யாம் பேச்சிழந்தோம். 

எம் இல்லத்தும் ஒரு கண்ணாடி இருந்தது. 1934-இல் கல்லணைக் கால்வாயில் நீர் வந்து, புதாற்றுப் பாசனத்தில் இரண்டு நல்ல விளைவு கண்ட துணிவில் எம் பாட்டனார் கட்டிய வீடு அது. நாகப்பட்டினத்திலிருந்து மாட்டுவண்டியில் வைக்கோலிட்டுக் கொணர்ந்ததாக அக்கண்ணாடியைப் பற்றிச் சொல்வார்கள். எம் தமக்கையாரை மணக்கோலத்தில் அதன்முன்னரே நிறுத்தினர். அம்மையார் இரவில் பொட்டை எடுத்து அதன் சட்டத்தில் ஒட்டிவைத்து, காலையில் நீராடியபின் எடுத்து இட்டுக்கொள்வார். 1994-இல் அவர் மறைந்தார். பதினாறாம் நாள் கழிந்த கிழமையில் பழம்பொருள் வாங்குவார் ஒருவர் தெருவில் வந்தார். ரசம் போன கண்ணாடி வீட்டிற்காகாது என்று கூறி, கேட்ட விலைக்கு அதனைக் கொடுத்துவிட்டோம். அவ்விலை இரண்டு மூட்டை நெல்லுக்கும் போதாது. அன்றிரவு 'பற்று ஒன்று விட்டது' என்று மகிழ்ந்ததும் நினைவிருக்கின்றது.

மறுமாதம் தமக்கையார் வந்தார். கூடத்தில் நின்று சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பு வெளுக்காத நீள்சதுரம் ஒன்றே அங்கிருந்தது. "கண்ணாடி எங்கேப்பா?" என்று கேட்டார். சொன்னோம். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அதன்பின் அதனைப் பற்றி அவர் பேசியதில்லை. யாமும் பேசியதில்லை.

அன்பர் வீட்டிற் புகுந்தது முதல் யாம் ஒவ்வொரு சட்டமாக உற்று நோக்கியது எதற்கென்பது அப்பொழுதே எமக்கு விளங்கிற்று. எம் வீட்டுக் கண்ணாடி அங்கிருக்கின்றதோ என்றே தேடியிருக்கின்றோம். பற்றைக் கடிந்து பேசிய நாவும், தேடிய கண்ணும் ஒருவனுடையவே.

ஆயின் யாம் விட்டது யாது? எமக்குப் பற்றில்லாத ஒரு பொருளை விட்டோம். அஃது எவ்வாறு பற்றறுத்தலாகும்? தமக்கையார்க்கு அதில் அன்பிருந்தது. அவ்வன்பை வினவாது அப்பொருளை விற்றது, 'என் வீடு, என் பொருள், என் துறவு' என்னும் செருக்கினாலன்றோ? பொருள் மாயையின் காரியம். மாயையை மலமென்று வைத்த ஆசிரியரே அதனை இரவிற்கு விளக்கென்றும் கூறினர். இருளோ ஆணவம். விளக்கை எறிந்துவிட்டு இருளை விட்டதாக எண்ணினோம். அன்பரோ முகந் தெரியாத கண்ணாடியை விலைகொடுத்து வாங்கி, முன்பின் அறியாத ஒருத்தியின் பொட்டைச் சுரண்டுவதற்குக் கை வராமல் எம்மை வினவுகின்றார். இருவரில் எவர் பற்றுடையார் என்று தீர்ப்புக் கூற எமக்கு நா எழவில்லை. பதினான்கு கண்ணாடி மிகையென்ற கருத்தை யாம் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. அது வேறு வழக்கு.

நடந்ததை அன்பரிடம் கூறினோம். அவர் தயங்காது, "இந்த ஆளுயரக் கண்ணாடியை அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், ஐயா" என்றார். அவ்விடத்திருந்தே திருக்காட்டுப்பள்ளியிலுள்ள தமக்கையாரோடு தொலைபேசியிற் பேசினோம். முப்பதாண்டுக்குமேற் பேசாததைப் பேசுதற்கு அத்துணை எளிதாயில்லை. அவர் முழுதும் கேட்டார். சிறிது பொழுது ஒன்றும் கூறவில்லை.

பின்பு, "அது நம்ம வீட்டுக் கண்ணாடி இல்லையே, தம்பி. அங்கேயே இருக்கட்டும். அந்தப் பொட்டை மட்டும் எடுக்க வேண்டாமென்று அந்தப் பிள்ளையிடம் சொல்" என்றார்.