பாராமல் நீட்டிய முத்திரை

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. மருந்து தயாரான இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம். 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் அதில் 48.6 விழுக்காடு இருந்ததாகச் சென்னை அரசு ஆய்வகம் சொன்னது. மும்பைக்கு இந்த நஞ்சு புதிதல்ல. 1986இல் ஜே.ஜே. மருத்துவமனையில் இதே பொருள் கலந்த கிளிசரின் 14 நோயாளிகளின் உயிரைக் குடித்தது. அதை விசாரித்த நீதிபதி லென்டின் ஆணையத்தின் அறிக்கை மாநில சுகாதார அமைச்சரையே பதவி விலக வைத்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு இடைவெளியில் மாறாமல் இருப்பது ஒன்றுதான்: பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை.

மருந்தையும் உணவையும் ரத்தத்தையும் சோதிக்கும் ஆய்வகங்களைச் சோதிப்பதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. லேப் ரிப்போர்ட்டின் மேல் மூலையில் 'என்.ஏ.பி.எல்.' என்றிருக்கும் முத்திரை அதனுடையது. தலைமையகம் குருகிராம். நேரில் சென்று மதிப்பிடும் இரண்டு வருகைகளுக்கு நடுவே இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது இத்தகைய அமைப்புகளுக்கான உலக விதி. நேரில் செல்வது பொருந்தாதபோது அதே பயனைத் தரும் வேறு வழியைக் கையாளலாம். காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 2020 மார்ச்சில் விமானமும் ரயிலும் நின்றபோது அந்த விதிவிலக்கே நடைமுறையானது. கைபேசி, கணினித் திரை வழியே மதிப்பீடு நடந்தது. அங்கீகாரங்களின் காலம் நீட்டிக்கப்பட்டது. எந்த ஆய்வகத்துக்கு உடனே போக வேண்டும், எது காத்திருக்கலாம் என்று இடரை எடைபோட்டு முடிவெடுப்பதற்கு 'இடர் அடிப்படையிலான மறுமதிப்பீடு' என்று பெயர்.

அந்த எடைபோடுதல் அறமா? யாருடைய இடர் தராசில் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஆய்வகத்தின் பழைய நற்பெயரை மட்டும் வைத்து 'இவர்களிடம் இடர் குறைவு' என்று தேதியை நீட்டுவது அறமாகாது. அதன் தவறு யார் உயிரைத் தொடும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். துணியின் சாயத்தைச் சோதிப்பவர் ஆறு மாதம் காத்திருக்கலாம். குழந்தையின் மருந்தைச் சோதிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். 'ஒற்றாடல்' அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியைக்கூட இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். சிலப்பதிகாரத்தை இந்தக் கண்ணோடு படித்தால் உடம்பு நடுங்கும். பாண்டியன் அவையில் பொற்கொல்லன் யார்? சிலம்பைப் பார்த்துச் சொல்லும் தகுதி பெற்ற ஆள். அரசனின் அங்கீகாரம் பெற்றவன். கோவலனே கள்வன் என்ற அவன் சொல்லை அரசன் மறுமதிப்பீடு செய்யவில்லை. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற சோதனை நடந்தது உண்மை, ஆனால் கோவலன் வெட்டுண்ட பிறகு. சோதனை கேட்டவள் கண்ணகி.

ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும் துன்பம் தரும் என்று அதே வள்ளுவர் சொல்கிறாரே என்று சிலர் கேட்கலாம். அது மனிதருக்கு. இரண்டாண்டில் ஆளும் மாறி, கருவியும் தேய்ந்துபோகும் ஆய்வகத்துக்கு அன்று.

திரை வழியே பார்ப்பதில் என்ன குறை? கேமராவைப் பிடித்திருப்பவர் காட்டுவதைத்தான் அது காட்டும். குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டில் ஒரு மாதத்துக் குறிப்பும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருப்பதை நேரில் புரட்டும் கை கண்டுகொள்ளும். காலாவதியான ரசாயனப் புட்டி எந்த அலமாரியின் பின்வரிசையில் நிற்கிறது என்பதை அறைக்குள் நடப்பவர்தான் காண்பார். 2021 ஹரித்வார் கும்பமேளாவில் சுமார் ஒரு லட்சம் கோவிட் சோதனை முடிவுகள் போலி என்ற புகார் எழுந்தது. கும்பமேளாவுக்கே போகாத பஞ்சாப்காரர் ஒருவருக்குக் கைபேசியில் முடிவு வந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. மதிப்பீட்டாளர் கண்ணில் அது படவில்லை!

மறுபக்கம் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டபோது, தனியாரில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களுக்கு மட்டுமே அந்தச் சோதனைக்கு அனுமதி இருந்தது. தேதி முடிந்ததென்று அவற்றைப் பூட்டியிருந்தால் பாதிப்பு மக்களுக்குத்தான். சரி, பூட்ட வேண்டாம். ஆனால் பூட்டாமல் இருப்பதும் பார்க்காமல் இருப்பதும் ஒன்றல்ல.

பார்க்க வழியா இல்லை? மும்பையில் மாட்டுங்காவில் வேதியியல் தொழில்நுட்பக் கல்விக்கழகம் இருக்கிறது. செம்பூரைத் தாண்டினால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். அங்குள்ள வல்லுநர்களையே மதிப்பிட அனுப்பலாம். 2020 ஜூன் 15 முதல் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மின்ரயில் ஓடியது. மும்பை ஆய்வகத்தைப் பார்க்க டெல்லியிலிருந்துதான் ஆள் பறந்து வர வேண்டுமென்பதில்லை. உள்ளூர்க்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்ற தயக்கம் நியாயமானது. இருவராக அனுப்பினால் தீரும், ஒற்றாடலும் அதைத்தானே சொல்கிறது. விடை முன்கூட்டியே தெரிந்த சாம்பிளை, சாதாரண வாடிக்கையாளர் பெயரில் கூரியரில் அனுப்பிப் பார்க்கவும் எந்த விமானமும் வேண்டாம்.

இவை எதுவும் முடியாமல் காலத்தை நீட்டித்தே ஆக வேண்டுமென்றால், நேரில் கடைசியாகப் பார்த்த தேதியை ரிப்போர்ட்டில் முத்திரைக்குக் கீழேயே அச்சிட வேண்டும். காசு கொடுத்துச் சோதனை செய்துகொள்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. தேதியை மறைத்துக் குத்தும் முத்திரை பொய்ச்சாட்சி.