உங்களுக்குத்தான் சிங்களம் தெரியுமே

புத்தளம் கரையோரத்துக் கந்தோர் ஒன்றில் ஆறு பேர் கூடிப் பேசுகிறோம் என்று வையுங்கள். ஐந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள், ஒருவருக்குத் தமிழ் தெரியாது. கூட்டம் சிங்களத்தில் நடக்கும். யாரும் உத்தரவிடுவதில்லை, ஓர் ஆள் ஒதுங்கிப் போகக்கூடாதே என்ற நல்ல மனசுதான். ஐந்து பேர் சிங்களவர், ஒருவர் தமிழர் என்றாலும் சிங்களம்தான். இந்த நல்ல மனசு ஏன் ஒரே பக்கமாக ஓடுகிறது என்பது என்னை நெடுநாளாகக் குடைகிறது. தமிழில் ஒரு கடிதம் கேட்டால், “உங்களுக்குத்தான் சிங்களம் தெரியுமே” என்கிறார்கள். இரண்டு மொழி படித்ததே ஒரு மொழியை இழக்கக் காரணமாகிவிடுகிறது. கனடாவில் 1969 முதல் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள். அங்கேயும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தால் மேசையே ஆங்கிலத்துக்கு மாறுகிறது என்பது பிரெஞ்சு ஊழியர்களின் பழைய மனக்குறை.

எங்கள் இலங்கைச் சட்டத்தில் குறையில்லை என்று சொல்லமாட்டேன். 1987இல் தமிழும் ஆட்சிமொழியானது. ஆனால் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வடக்கு கிழக்குக்கு வெளியே பொதுப் பதிவேடுகளின் மொழி பொதுவாகச் சிங்களம். தமிழில் எழுதிக்கேட்டுத் தமிழில் பதில் பெறும் உரிமை மக்களுக்கு உண்டு. அந்தப் பதிலை எழுத ஆள் வேண்டுமே! அதற்காகத்தான் 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச ஊழியர் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேறவேண்டும் என்றது.

சோதனையில் தேறிவிடுகிறார்கள். தேறிய தம்பி தேநீர் வேளையில் தட்டுத்தடுமாறித் தமிழில் ஒரு வார்த்தை தொடங்குவார். நாங்கள் உடனே சிங்களத்துக்குத் தாவிவிடுவோம். உதவி என்று நினைத்துச் செய்வதுதான். மேசையில் தமிழ் பேசிப் பழகாதவர், கற்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த உம்மாவிடம் கருமபீடத்தில் எப்படிப் பேசுவார்? எனக்குச் சிங்களம் தெரியும், நான் சமாளிப்பேன். உம்மாவுக்குத் தெரியாது.

மொழி நகர்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. சிலாபத்தை அண்டிய கத்தோலிக்க மீனவ ஊர்களில் பாட்டிமார் தமிழில் செபமாலை சொன்னார்கள், பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் சொல்கிறார்கள். ஆயர் எட்மண்ட் பீரிஸ் காலத்தில் (1940–1972) பள்ளிக்கூடங்களின் போதனாமொழி மாறியது அதற்குப் பெரிய காரணம். சற்று வடக்கே உடப்பு தமிழாகவே இருக்கிறது. மாறியவர்களை நான் குறைசொல்லவில்லை, அவர்களும் எங்கள் சனம்தான். ஆனால் இரண்டே தலைமுறை போதும் என்பது பயமாக இருக்கிறது.

அதனால் இப்போது அந்தத் தம்பி தமிழில் தொடங்கினால் நான் தமிழிலேயே, மெதுவாக, பதில் சொல்கிறேன். பேச்சு நீள்கிறது. “வேலை கிடக்குது, சிங்களத்தில் சொல்லி முடியுங்கோ” என்று அவசரப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்களே.