பொய்ச் சண்டையில் ஒரு போங்கு

"டேய், அதெல்லாம் செட்டப்புடா. ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு அடிச்சுக்கிறானுங்க. அதைப் போய் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குறியே!"

தொண்ணூறுகளில் கேபிள் டி.வி. இருந்த வீட்டில் வளர்ந்த எந்தப் பையனும் இந்த வசனத்திலிருந்து தப்பித்திருக்க முடியாது. எங்கள் வீட்டில் இதைச் சொன்னவர் சித்தப்பா. டி.வி-யில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஓடிக்கொண்டிருக்கும். கையில் டிரம்ப் கார்டு கட்டு. யார் எவ்வளவு உயரம், எவ்வளவு எடை என்பதெல்லாம் பாடப் புத்தகத்தைவிட நன்றாக மனப்பாடம். சித்தப்பா சொல்வது நிஜம்தான் என்று உள்ளுக்குள் தெரியும். ஆனாலும் கோபம் வரும். "செட்டப்புன்னா ரத்தம் எப்படி வருதாம்?" என்று கேட்போம். அதற்கும் அவரிடம் பதில் உண்டு. "தக்காளி சாஸ்!"

(சாஸ் இல்லை, பிளேடு. விரலில் ஒளித்து வைத்திருக்கும் துண்டு பிளேடால் தங்கள் நெற்றியைத் தாங்களே கீறிக்கொள்வார்கள். ரொம்ப வருஷம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. ஆக, சித்தப்பா பாதி சரி.)

அவர் சொன்னதை இப்போது கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேட்கத் தோன்றுகிறது. யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்த ஒரு சண்டையில், ஒருவரை இன்னொருவர் ஏமாற்ற முடியுமா? எல்லாமே பொய் என்றான பிறகு, அதற்குள் போங்கு ஆட முடியுமா?

முடியும். நடந்திருக்கிறது. ஏமாந்தவர் பெயர் பிரெட் ஹார்ட்.

கனடாவில் கால்கரி நகரத்துக்காரர். அப்பா ஸ்டூ ஹார்ட் மல்யுத்த வீரர். மல்யுத்தக் கம்பெனியும் நடத்தியவர். பன்னிரண்டு பிள்ளைகள். 1957-ல் பிறந்த பிரெட் எட்டாவது. வீட்டுக்கு அடியில் நிலவறையில் பயிற்சிக்கூடம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டஞ்சன்', அதாவது பாதாளச் சிறை. பயிற்சிக்கு வருகிற முரட்டு வாலிபர்களைப் பெரியவர் பிடித்து முறுக்க, அவர்கள் கதறுகிற சத்தம் மேலே சமையலறை வரைக்கும் கேட்குமாம். பெண்கள் நான்கு பேரும் மல்யுத்தக்காரர்களையே கல்யாணம் செய்துகொண்டார்கள். குலத்தொழில் என்று நாம் சொல்வோமே, அதேதான்.

1984-ல் அப்பாவின் கம்பெனியை அமெரிக்க முதலாளி வின்ஸ் மெக்மஹன் வாங்கினார். பிரெட் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிங்க்கும் கறுப்பும் கலந்த உடை, கண்ணாடி போலப் பளபளக்கும் கூலிங் கிளாஸ். ரிங்குக்குள் போகும் முன் அந்தக் கிளாஸைக் கழற்றி முன்வரிசையில் இருக்கும் ஏதாவது ஒரு குழந்தைக்கு மாட்டிவிடுவார். ஹல்க் ஹோகன் போன்ற மலைகளின் காலம் அது. பிரெட் மலை இல்லை. ஆனால் தொழில் தெரிந்தவர். 1992 அக்டோபரில் ரிக் ஃப்ளேரைத் தோற்கடித்து முதல் முறையாக உலக சாம்பியன் ஆனார். 'தோற்கடித்து' என்று நான் எழுதுவது உங்களுக்குப் புரிகிற அர்த்தத்தில்தான்.

அவருடைய பெருமை வேறொன்றில் இருந்தது. இத்தனை வருஷத்தில் என்னோடு மோதிய ஒருத்தனுக்கும் பலத்த காயம் ஏற்படவிட்டதில்லை என்பார். இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். நூறு கிலோ மனிதன் உங்களைத் தலைகீழாகத் தூக்கி, உங்கள் தலையைத் தன் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்காருகிறான். உங்கள் தலை அவன் தொடைக்கு மேலே இருந்தால் வெறும் நடிப்பு. ரெண்டு அங்குலம் கீழே இறங்கினால் கழுத்து எலும்பு. 1997 ஆகஸ்டில் பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினை இப்படிப் பிடித்து இறக்கியபோது கணக்கு தப்பியது. கை கால் அசைக்க முடியாமல் சற்று நேரம் கிடந்தார் ஆஸ்டின். எழுந்து தட்டுத்தடுமாறி ஆட்டத்தை முடித்தார் என்பது வேறு கதை.

1992-ல் லண்டன் வெம்ப்ளி மைதானம். சுமார் எண்பதாயிரம் பேர் கூட்டம். எதிரில் தங்கை புருஷன் டேவி பாய் ஸ்மித். மச்சான் பதற்றத்தில், பேசி வைத்ததையெல்லாம் மறந்துவிட்டார். பிரெட் அவரைப் பிடித்துக் கசக்குகிற மாதிரி நடித்துக்கொண்டே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காதில் சொல்லிச் சொல்லி ஆட்டத்தை முடித்தார். முடிவில் தோற்றதும் அவரே. தன் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக அதைத்தான் சொல்கிறார். தோற்பது இந்த மனிதருக்குப் பிரச்னையாகவே இருந்ததில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ. கோடிகளைக் காட்டிக் கூப்பிட்டது. 'வளர்த்த இடம்' என்று சொல்லி மறுத்துவிட்டு, வின்ஸோடு இருபது வருஷ ஒப்பந்தம் போட்டார் பிரெட். அடுத்த வருஷமே வின்ஸ் கையை விரித்தார். "இவ்வளவு சம்பளம் கட்டுப்படியாகலை. நீ அங்கேயே போயிடு." போகத் தயாரானார். ஆனால் அப்போது சாம்பியன் பெல்ட் அவர் இடுப்பில் இருந்தது.

கிளம்புகிறவன் தோற்றுவிட்டுப் போக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஷான் மைக்கேல்ஸிடம் தோற்கச் சொன்னார்கள். இருவருக்கும் நிஜ வாழ்க்கையிலேயே ஆகாது. 'நீ கேட்டால் நான் தோற்பேன்' என்று தான் சொன்னதற்கு, 'நான் உனக்குத் தோற்க மாட்டேன்' என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதாக பிரெட் சொல்கிறார். அதோடு அந்த வருஷம் முழுக்க, அமெரிக்காவைத் திட்டி கனடா கொடியைத் தூக்கிப் பிடிக்கிற பாத்திரம் பிரெட்டுக்கு. ஆட்டமோ கனடாவில், மான்ட்ரியலில். "வேற ஊர்ல தோக்குறேன். வேற யார்கிட்டயும் தோக்குறேன். இங்க, இவன்கிட்ட வேண்டாம்."

கடைசி முப்பது நாள் கதை எப்படிப் போக வேண்டும் என்பதில் அவருக்கும் உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே ஷரத்து இருந்தது. வின்ஸ் ஒப்புக்கொண்டார். ஆட்டம் ரகளையில் முடியும், வெற்றி தோல்வி இருக்காது, மறுநாள் பிரெட் கௌரவமாகப் பெல்ட்டை ஒப்படைப்பார். இதுதான் பேச்சு.

1997 நவம்பர் 9. ஆட்டத்தின் நடுவே மைக்கேல்ஸ், பிரெட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரை பிரெட்டுக்கே போட்டார். கால்களைப் பின்னி, குப்புறப் புரட்டி, முதுகை வளைக்கிற பிடி. பேசி வைத்தபடி பிரெட் அதிலிருந்து விடுபட வேண்டும். விடுபடவும் ஆரம்பித்துவிட்டார். திடீரென்று ரெஃப்ரி மணியடிக்கச் சைகை காட்டினார். ரிங் ஓரமாக வந்து நின்றிருந்த வின்ஸ், 'மணியை அடி' என்று கத்தினார். அடித்தார்கள். பிரெட் சரணடைந்துவிட்டதாக அறிவிப்பு. மைக்கேல்ஸ் சாம்பியன்.

பிரெட் எழுந்து வந்து முதலாளி முகத்தில் காறித் துப்பினார். போகப்போகிற கம்பெனியின் மூன்று எழுத்துகளைக் காற்றில் விரலால் எழுதிக் காட்டினார். மேஜையிலிருந்த டி.வி. பெட்டிகளை உடைத்தார். பிறகு டிரஸ்ஸிங் ரூமில் வின்ஸுக்கு ஒரு குத்து விட்டார். ஒத்திகை பார்க்காத குத்து. அந்த நேரம் பிரெட்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த பால் ஜேயின் கேமரா அங்கே இருந்தது. வெளியே தள்ளாடி வருகிற வின்ஸை அதில் இன்றும் பார்க்கலாம். 'எனக்கு எதுவும் தெரியாது, சத்தியமா' என்று சாதிக்கிற மைக்கேல்ஸையும் பார்க்கலாம். தெரியும் என்று பல வருஷம் கழித்து ஒப்புக்கொண்டார்.

சரி, சித்தப்பா இப்போது கேட்பார்: "இதுல என்ன போச்சு? அவன் ஜெயிச்சதும் செட்டப்பு, தோத்ததும் செட்டப்பு. எம்.ஜி.ஆர்கிட்ட அடி வாங்க மாட்டேன்னு நம்பியார் சொன்னா படம் எடுக்க முடியுமா?"

வின்ஸ் பக்கம் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 1995 டிசம்பரில் அவருடைய பெண்கள் பிரிவு சாம்பியன், கட்சி மாறிப் போய், எதிரியின் நேரடி ஒளிபரப்பில் இந்தக் கம்பெனியின் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிரெட்டும் அப்படிச் செய்தால்? பயம் நிஜமானது. தன்னுடைய பாத்திரத்தைத் தானே அளவுக்கு மீறி நம்பிவிட்டார் பிரெட் என்றும் சொல்லலாம். கனடா தேசத்தின் மானமே ஒரு தோல் பட்டையில் இருக்கிறது என்று நினைக்கிற அளவுக்கு.

இருந்தாலும் என் ஓட்டு பிரெட்டுக்குத்தான். பி.காம். படித்தபோது 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை உருப்போட்டிருக்கிறேன். அதில் பதின்மூன்றாவது பிரிவு, சம்மதம் என்றால் என்ன என்று சொல்கிறது. இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வது. அந்த விஷயம் எவ்வளவு பெரியது, எவ்வளவு உன்னதமானது என்று சட்டம் கேட்பதில்லை.

நம் கல்யாணங்களில் காசி யாத்திரை உண்டல்லவா? மாப்பிள்ளை குடையும் விசிறியுமாகக் கிளம்புவார். பெண்ணின் அப்பா ஓடிவந்து, 'போகாதீங்கோ, என் பொண்ணைக் கட்டிக்கோங்கோ' என்று கெஞ்சுவார். நாடகம் என்று கூடியிருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். போட்டோகிராஃபர் 'இன்னொரு தடவை' என்பார். அந்த மாப்பிள்ளை நிஜமாகவே பஸ் ஏறிப் போய்விட்டால், 'அதான் நாடகம்தானே' என்று யாராவது சும்மா இருப்பார்களா?

1989-லேயே வின்ஸ் கம்பெனி, நியூ ஜெர்சி மாநில செனட்டில், 'இது போட்டி இல்லை, கேளிக்கை' என்று சொல்லிவிட்டது. விளையாட்டு என்றால் ஆணையத்தின் கெடுபிடியும் வரியும் உண்டு. கேளிக்கை என்றால் இல்லை. (சித்தப்பா இலவசமாகச் சொன்ன உண்மையை, கம்பெனி வரியை மிச்சம் பிடிக்கச் சொன்னது!) ஆக, டிக்கெட் வாங்குகிறவனிடம் சொல்கிற பொய் அவனும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பொய். ரிங்குக்குள் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் பொய்க்கு இடமே இல்லை. பேசி வைத்தபடி முடிப்போம். என் உடம்பை உன்னிடம் கொடுக்கிறேன், பத்திரமாகத் திருப்பிக் கொடு. இந்த இரண்டு வாக்கை நம்பித்தான் ஒருவன் தன் கழுத்தை இன்னொருவன் கையில் கொடுக்கிறான். இரண்டும் இல்லையென்றால் அது போலீஸ் கேஸ்.

வின்ஸ் முதல் வாக்கை உடைத்தார். தண்டனை ஏதும் கிடைத்ததா என்றால், இல்லை. ஜனங்கள் அவரை நிஜமாகவே வெறுத்தார்கள். அந்த வெறுப்பையே முதலாக்கி, டி.வி-யில் கொடுமைக்கார முதலாளி வேஷம் கட்டினார். கூட்டம் அள்ளியது. 1999-ல் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. 2001-ல் அந்தப் போட்டிக் கம்பெனியையே விலைக்கு வாங்கினார்.

பிரெட்டுக்கோ சரிவு. தம்பி ஓவன் வின்ஸிடமே தங்கியிருந்தார். 1999 மே 23, கான்சாஸ் சிட்டி. கோமாளித்தனமான ஒரு சூப்பர் ஹீரோ வேஷத்தில், அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் இறங்கி வர வேண்டும். கொக்கி விட்டுவிட்டது. சுமார் 24 மீட்டர். வயது 34. அரங்கில் இருந்த பலர் அதையும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை என்று டி.வி. பார்த்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஓவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அதே ரிங்கில் மிச்ச ஆட்டங்கள் நடந்தன. இதை எழுதும்போது எனக்குக் கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது. மணி அடித்ததையாவது வியாபாரம் என்று வாதாடலாம். இதற்கு என்ன பெயர்? குடும்பம் வழக்குப் போட்டது. 2000-ல் 18 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது.

அதே 1999 டிசம்பரில், புதிய கம்பெனியில், கோல்ட்பெர்க் விட்ட ஓர் உதை பிரெட்டின் தலையில் நிஜமாகவே விழுந்தது. மூளை அதிர்ச்சி. அத்தோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. 2002-ல் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து, இடது பக்கம் செயலிழந்தது. மறுபடி நடக்கப் பழகினார்.

இனி வருவதுதான் எனக்கு விளங்காமல் பல நாள் யோசித்தது. திட்டம் போட்டு ஏமாற்றிய மைக்கேல்ஸையும் வின்ஸையும் பிரெட் மன்னித்துவிட்டார். கோல்ட்பெர்க் வேண்டுமென்று உதைக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். அந்த மனிதர் பலமுறை பொதுவில் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். அவரைப் பற்றி மட்டும் பிரெட் பேட்டிகளில் கடுமையாகவே பேசி வந்திருக்கிறார். நாமாக இருந்தால் தலைகீழாகச் செய்வோம். தெரியாமல் இடித்தவனை விட்டுவிட்டு, தெரிந்து ஏமாற்றியவனை மனசில் வைத்துக் கருவுவோம். ஆனால் எதிராளிக்குக் காயம் படாமல் பார்த்துக்கொள்வதையே தொழில் தர்மமாக நினைத்த ஒருவருக்கு, அஜாக்கிரதை மன்னிக்கக்கூடிய சின்னத் தப்பு இல்லை போலிருக்கிறது. பறிபோன பட்டத்துக்குப் பதில் இன்னொன்று தரலாம். மூளையை அப்படித் தர முடியாது. தம்பியையும்தான்.

2010 ஜனவரி 4. பன்னிரண்டு வருஷம் கழித்து, 52 வயதில், பிரெட் மறுபடி வின்ஸின் மேடையில் ஏறினார். முதலில் மைக்கேல்ஸ் வந்தார். பழசைப் பேசினார்கள். கை குலுக்கிக் கட்டிக்கொண்டார்கள். கூட்டத்தில் பலர் அழுதார்கள். நிகழ்ச்சியின் கடைசியில் வின்ஸ் வந்தார். கை கொடுத்தார். பிரெட்டும் கொடுத்தார். கொடுத்த கையோடு வயிற்றில் ஓர் உதை விட்டார் வின்ஸ். பிரெட் மடங்கிச் சரிந்தார்.

சித்தப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "செட்டப்பு" என்றிருப்பார்.

ஆமாம் சித்தப்பா, செட்டப்புதான். இந்தத் தடவை பிரெட்கிட்டயும் சொல்லியிருந்தாங்க.