கவுச்சியும் காற்றும்

சென்னையில் கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் பக்கம் போகும் மெரினா லூப் சாலையில் விடிந்ததும் இரண்டு கூட்டம் கூடும். ஒன்று டாக்டர் சொன்னாரென்று நடக்க வருவது. மற்றது கரையேறிய சங்கராவையும் வஞ்சிரத்தையும் விற்க வருவது. நடப்பவருக்குக் கவுச்சி வாடை தொல்லை; விற்பவருக்கு அவர் மூக்கைப் பொத்துவது அவமானம்.

2023 ஏப்ரலில், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கைத் தொடர்ந்து, மாநகராட்சி சாலையோர மீன்கடைகளை அகற்றியது. நொச்சிக்குப்பத்து மக்கள் படகுகளைச் சாலையின் குறுக்கே இழுத்துப் போட்டு மறித்தார்கள். அப்போது அதிகம் புழங்கிய சொல் ஆக்கிரமிப்பு. ஆனால் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் உலாவுவதற்கென்று மெரினாவை அமைப்பதற்கு முன்பே குப்பங்கள் அங்கே இருந்தன. வலை உலர்த்திய இடத்தில்தான் சாலை வந்தது என்பது மீனவர்களின் வாதம்.

முந்தி வந்தவர் என்பதால் மட்டும் கடற்கரை ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. மின்விசிறிகூட ஓடாத ஒற்றை அறையிலிருந்து பிள்ளைகளைக் காற்று வாங்கக் கூட்டிவருபவருக்கும் அது வேண்டும். ஓய்வைப் பணக்காரரின் பொழுதுபோக்கென்று ஒதுக்குவது சரியல்ல. மீன் கழுவிய நீர் பாதையில் தேங்குகிறது என்ற புகாரும் நியாயமே. ஆனாலும் இரண்டு இழப்பும் ஒரே எடையா? வாடை பிடிக்காதவர் நூறடி தள்ளி நடக்கலாம். கூடையோடு விரட்டப்பட்டவளுக்கு அன்றைய வருமானமே போயிற்று.

1985இல் மெரினாவை அழகுபடுத்த வேண்டுமென்று கட்டுமரங்களையும் வலைகளையும் அரசு அகற்றியது. அதையொட்டிய மோதலில் போலீஸ் சுட்டு மீனவர்கள் இறந்தார்கள். கண்ணுக்கு இதமான காட்சிக்காக அந்த அளவுக்குப் போன நகரம் இது.

2024 ஆகஸ்டில் 366 கடைகளுடன் லூப் சாலையில் மீன் அங்காடி திறக்கப்பட்டது. மேற்கூரை நல்லதுதான். ஆனால், போகிற போக்கில் வண்டியை ஓரங்கட்டி பேரம் பேசியவர் உள்ளே தேடி வருவாரா என்ற விற்பவரின் கவலையை நடக்க வருபவரும் கொஞ்சம் சுமக்க வேண்டும். பாதை காலியானதன் பலன் அவருக்குத்தானே.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சண்டையில் காரைப் பற்றிப் பேச்சு குறைவு. சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலுக்குத் தப்பி வரும் வண்டிகள்தான் லூப் சாலையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஹாரன் கேட்டால் நடப்பவரும் ஒதுங்குகிறார், மீன்காரியும் கூடையை இழுத்துக்கொள்கிறாள்.