விற்றவர்க்குப் பங்கு உண்டா?

அண்மையில் என் பேரன் ஒரு வினாவை எழுப்பினான். போர்த்தளவாடங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றின் பங்குகள் விலை ஏறி வருகின்றனவாம். "பாட்டி, நான் ஆயுதம் செய்யவில்லை, விற்கவுமில்லை. பணம் மட்டுமே போடுகிறேன். இதில் பாவம் உண்டா?" என்றான். உடனே விடை கூற இயலவில்லை. உண்மைச் சான்று ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஜெர்மனியின் லெப்பர்ட்-2 என்னும் டாங்கி 1979-ஆம் ஆண்டு படையில் சேர்ந்தது. கிழக்கிலிருந்து சோவியத் டாங்கிகள் வந்தால் தடுத்து நிறுத்துவதே அதன் நோக்கம். 120 மி.மீ. பீரங்கி, 1,500 குதிரைத்திறன் கொண்ட எந்திரம், நான்கு வீரர்கள், மணிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. வேகம். ஓடிக்கொண்டே குறி பார்த்துச் சுட வல்லது. முன்புறக் கவசம் மிக உறுதியானது.

ஆயின் பக்கங்களும் பின்புறமும் அத்துணை உறுதியானவை அல்ல. அது சுமக்கும் 42 குண்டுகளுள் 15 மேற்கோபுரத்தின் பின்னறையில் உள்ளன. அவை வெடித்தால் விசை மேல்நோக்கி வெளியேற வழியுண்டு. எஞ்சிய 27 குண்டுகள் ஓட்டுநர்க்கு அருகே உள்ளன. அவற்றிற்கு அத்தகைய காப்பு இல்லை. 2016 டிசம்பரில் சிரியாவின் அல்-பாப் நகர்க்கருகே துருக்கியின் லெப்பர்ட்-2 டாங்கிகள் பல அழிந்தபோது இக்குறைகளை உலகம் கண்டது.

ஜெர்மானிய டாங்கி சிரியாவிற்கு எவ்வாறு சென்றது? விற்பனையால்தான். முதலில் நெதர்லாந்து வாங்கிற்று. பின்னர் சுவிட்சர்லாந்து 380 பெற்றது. பனிப்போர் முடிந்தபின் ஜெர்மனி தன் படையைச் சுருக்கியபோது மிகுந்த டாங்கிகள் போலந்து, துருக்கி முதலிய நாடுகளுக்குச் சென்றன. 2013-இல் கத்தார் 62 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தது.

துருக்கியுடன் 2005-இல் செய்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: ஜெர்மனியின் இசைவின்றி டாங்கிகளைப் பிறர்க்கு அளித்தல் கூடாது. எங்கே, எவர்மீது பயன்படுத்தலாம் என்பதற்கு விதி இல்லை. 2018 ஜனவரியில் சிரியாவின் அஃப்ரின் பகுதிக்குள் துருக்கிப் படை நுழைந்தபோது அந்த டாங்கிகளும் சென்றன. ஜெர்மனியில் கண்டனம் எழுந்தது. தடுக்கும் உரிமை அந்நாட்டிற்கு இல்லை.

ஐந்தாண்டு கழித்து அதே வகை இசைவு விதி வேறு முகம் காட்டிற்று. ரஷ்யா படையெடுத்த உக்ரைனுக்குத் தம்மிடமிருந்த லெப்பர்ட் டாங்கிகளை அளிக்க விரும்பிய போலந்து முதலியோர் ஜெர்மனியின் இசைவுக்குக் காத்திருந்தனர். நெடிய தயக்கத்திற்குப்பின், 2023 ஜனவரி 25 அன்று இசைவு கிடைத்தது. தானும் 14 டாங்கிகள் அளிப்பதாக ஜெர்மனி அறிவித்தது.

ஒரே வகை வண்டி சுவிட்சர்லாந்தில் போர் காணாது நிற்கிறது. அஃப்ரினில் பிறர் மண்ணில் புகுந்தது. உக்ரைனில் தாய்மண்ணைக் காக்கச் சென்றது. எனவே குற்றம் முழுவதும் பயன்படுத்துவோரையே சாரும் எனச் சிலர் கூறுவர். ஆனால் விற்றபின்னும் இசைவு தரும் உரிமை தமக்குண்டு என்பவர், பொறுப்பு மட்டும் இல்லை என்று கூறுதல் பொருந்துமா?

நம் அறநெறி செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றையும் வினை என்றே கொள்கிறது. ஆசாரியர் சமந்தபத்திரர் கொலைக்கருவிகளைப் பிறர்க்கு அளித்தலையும் வீண்தீங்குகளுள் ஒன்றாக வைத்தார். தற்காப்பில் நேரும் விரோதி இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது என்பதும் நம் நெறியே. ஆகவே காக்கும் வீரனை நான் பழியேன். விலை பேசுவோர் மட்டும், "இது எவர் கைக்கு, எதற்கு?" என்று விற்குமுன்னரே கேட்டாக வேண்டும்.

பேரனுக்கு நான் கூறியது இதுதான்: "பங்கு வாங்கிய மறுநாள் செய்தித்தாளில் புதிய போர் ஒன்று தொடங்கியதைப் படிப்பாய். உன் பங்கின் விலை ஏறும். அக்கணம் உன் உள்ளம் வருந்துமா, மகிழுமா? அதனைப் பார்த்துக்கொள். வினை அங்கேதான் பற்றும்."

அவன் இன்னும் விடை கூறவில்லை. நம் இல்லங்களிலும் இவ்வினாவை எழுப்பிச் சிந்திப்போமாக.