ஆண்டுகளால் ஆன மீன்

மரக்காணம் மீன் ஏலத்தில் ஒரு முழ நீளக் கொடுவா. அகன்ற வாய், வெள்ளிச் செதில், வெளிச்சம் பட்டால் சிவக்கும் கண். "பெரிய மீன்" என்கிறார்கள். கொடுவா இதைப்போல மூன்று மடங்கு வளரக்கூடியது.

*

கொடுவா முட்டையிடுவது முகத்துவாரத்தில். குஞ்சுகள் உவர்நீருக்குள் ஏறி, கழுவெளி போன்ற சதுப்பு நிலங்களில் வளர்ந்து, மறுபடி கடலுக்கு இறங்கும். பெரும்பாலும் முதலில் ஆணாக இருந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெருத்த பிறகே பெண்ணாகும். பெருத்ததையெல்லாம் பிடித்துவிட்டால் தாய்களைப் பிடித்துவிட்டோம் என்று பொருள்.

*

பெரிய மீனை இழந்தால் மீள எவ்வளவு காலமாகும் என்பதைக் கலிஃபோர்னியா காட்டுகிறது. அங்கே கெல்ப் என்னும் உயரமான கடற்பாசிக் காடுகளில் ஜயன்ட் சீ பாஸ் என்னும் மீன் வாழ்கிறது. 2 மீட்டருக்கு மேல் வளரும். எழுபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஏறக்குறைய அற்றுப்போன பிறகு, 1982-ல் அதைக் குறிவைத்துப் பிடிக்கத் தடை வந்தது. ஆனாலும் செவுள் வலைகளில் தற்செயலாகச் சிக்கிச் செத்தது. 1994-ல் அந்த வலைகள் கரையை விட்டு மூன்று மைல் தள்ளி விலக்கப்பட்டன. அதன் பிறகுதான் முக்குளிப்போர் கண்ணில் மெல்ல மெல்லப் படத் தொடங்கியது.

*

மீனின் வயதை அறிய, தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை அறுத்து வளையங்களை எண்ணுவார்கள். அதற்கு மீன் செத்திருக்க வேண்டும். ஜயன்ட் சீ பாஸின் விலாவில் உள்ள புள்ளிகளோ ஒவ்வொரு மீனுக்கும் வேறு வேறு. முக்குளிப்போர் எடுக்கும் படங்களில் புள்ளிகளை ஒப்பிட்டு, சென்ற ஆண்டு வந்த மீனே இந்த ஆண்டும் வந்ததா என்று சொல்லிவிடுகிறார்கள். தொடாமலே அறியும் இந்தக் கல்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

*

கொடுவாவுக்குத் திரும்பினால், முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. குஞ்சை நம்மால் உண்டாக்க முடியும். கடலில் அது வாழவேண்டிய ஆண்டுகளை உண்டாக்க முடியாது. விட்டுத்தான் கொடுக்க முடியும்.

*

விழுப்புரம் மாவட்டத்தின் கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே பறவைகளை எண்ணுகிறோம். எடையன்திட்டுக் கழிமுகம் வழியாக ஏறி இறங்கும் மீனையும் எண்ண வேண்டும். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு கொடுவாவின் நீளத்தையும் ஒரு நோட்டில் குறித்தால் போதும், பெரியவை குறைகின்றனவா கூடுகின்றனவா என்று தெரிந்துவிடும். தடை ஒரு நாளில் வந்துவிடும். பெரிய மீன் வர ஒரு தலைமுறை ஆகும். அந்தத் தலைமுறை முழுக்க நோட்டை மூடாமல் வைத்திருப்பவரே மீட்சியைப் பார்ப்பார்.